சிறு தொழில் என்பது எவ்வளவு சிறியது?

‘சிறிது’ என்னும் சொல்லுக்கு வீட்டில் பொருள் தெரிந்துகொள்வது எளிது. ‘ரஸத்தில் சிறிது உப்புப் போடு’ என்று மாமியார் சொன்னால், எவ்வளவு என்று மருமகள் கேட்பதில்லை. கைக்கே அளவு தெரிந்துவிடுகிறது. சர்க்காருக்கோ அத்தகைய கை இல்லை. ‘சிறு தொழில்களுக்கு உதவி செய்வோம்’ என்று சர்க்கார் வாக்களித்த மறு நிமிஷமே, ‘எது சிறு தொழில்? எந்த ரூபாயில் அது தொடங்குகிறது? எந்த ரூபாயில் முடிகிறது?’ என்ற கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுக்குச் சட்டம் எண்களால் விடை சொல்லியாக வேண்டும். அந்த எண்களைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் பேசலாமென்று உத்தேசம்.

‘இது வியாபாரிகளின் சமாசாரம், மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது?’ என்று சிலர் பக்கத்தைப் புரட்ட நினைக்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டும். 2015-16-ஆம் வருஷத்தில் தேசீய மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தியபோது, நம் தேசத்தில் விவசாயம் நீங்கலாகச் சுமார் 6 கோடியே 33 லட்சம் சிறிய தொழில் முயற்சிகள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 11 கோடிப் பேர் வேலை செய்வதாகவும் கணக்கிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவை கிராமங்களில் இருந்தன. வீட்டு மாடியில் தையல் மிஷின் போட்டிருக்கும் பெண்மணி, சாம்பார்ப் பொடியும் வடகமும் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் குடும்பம், லேத் பட்டறை வைத்திருக்கும் வாலிபர், அச்சுக்கூடக்காரர் எல்லாரும் அதில் அடக்கம். இவர்களில் ஒருவராவது இல்லாத உறவினர் வட்டத்தை இன்று காண்பது அரிது. ஆகவே விஷயம் நம் வீட்டு விஷயமே.

சிறு தொழிலைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் நமக்குச் சுதந்திரத்துடன் வந்ததல்ல, அதற்கு முந்தியது. 1934-ல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவியபோது அதன் காரியதரிசியாகப் பொறுப்பேற்றவர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. எண்ணெய்ச் செக்கும் கைக்குத்தல் அரிசியும் காகிதம் செய்தலும் ஏழைக்குச் சோறு போடும் தொழில்கள் என்பது அவர்களுடைய கட்சி. ஆனால் அந்த நாளில் யாரும் ‘எவ்வளவு ரூபாய்க்கு உட்பட்டது கைத்தொழில்?’ என்று வரையறுக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து கடனும் சலுகையும் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அளவுகோல் தேவையாயிற்று.

முதலில் எடுத்துக்கொண்ட அளவுகோல் மிகவும் பொருத்தமானதாகவே தோன்றியது. 1950-களில், ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத மூலதனமும், மின்சார விசை உள்ள இடமானால் 50-க்குக் குறைந்த ஆட்களும், விசை இல்லாத இடமானால் 100-க்குக் குறைந்த ஆட்களும் கொண்டது சிறு தொழில் என்றார்கள். அதாவது பணத்தையும் எண்ணினார்கள், மனிதர்களையும் எண்ணினார்கள். 1960-ல் மனிதர்களை எண்ணுவது கைவிடப்பட்டது. அதற்குக் காரணம் சொல்வது கஷ்டமல்ல. ஐம்பதாவது ஆளைச் சேர்த்தால் சலுகை போய்விடும் என்றால், முதலாளி ஐம்பதாவது ஆளைச் சேர்க்க மாட்டார். சேர்த்தாலும் பதிவேட்டில் எழுத மாட்டார். வேலை கொடுக்க வேண்டுமென்று வகுத்த திட்டமே வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாதல்லவா?

அன்றுமுதல் யந்திரத்தின் விலையே பிரதான அளவுகோலாயிற்று. 1966-ல் ஏழரை லட்சம், 1975-ல் 10 லட்சம், 1980-ல் 20 லட்சம், 1985-ல் 35 லட்சம், 1991-ல் 60 லட்சம் என்று எல்லை ஏறிக்கொண்டே போயிற்று. விலைவாசி ஏறும்போது எல்லையும் ஏறுவது நியாயந்தான். 1997-ல் ஆபித் ஹுஸேன் கமிட்டியின் சிபார்சையொட்டி ஒரே தாவலில் மூன்று கோடி ரூபாயாக்கினார்கள். இரண்டே வருஷத்தில், 1999-ல், அதை மீண்டும் ஒரு கோடியாகக் குறைத்தார்கள். மூன்று கோடி ரூபாய் யந்திரம் வைத்திருப்பவர் சிறியவர் என்றால், மூன்று லட்சம் வைத்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு அப்போது விடையில்லை. இந்தக் கேள்வியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று அது மறுபடியும் எழுந்திருக்கிறது.

இதற்கிடையில் மற்றொரு பெரிய பரீட்சையும் நடந்தது. 1967-ல் 47 பண்டங்களைச் சிறு தொழில்களுக்கென்றே சர்க்கார் ஒதுக்கி வைத்தது. பெரிய ஆலைகள் புதிதாக அவற்றைச் செய்யக் கூடாது. இந்தப் பட்டியல் வளர்ந்து வளர்ந்து 800 பண்டங்களையும் தாண்டிற்று. ஊறுகாய், ரொட்டி, மெழுகுவத்தி, துணி சோப்பு, நோட்டுப் புத்தகம், கண்ணாடி வளையல், எவர்ஸில்வர்ப் பாத்திரம் எல்லாம் அதில் இருந்தன. தீப்பெட்டியும் பட்டாசும் இருந்தபடியால் சிவகாசியும் கோவில்பட்டியும் இந்தப் பட்டியலின் நிழலில் வாழ்ந்த ஊர்கள் என்று சொல்லலாம்.

நிழல் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் நிழலில் செடி உயரமாக வளர்வதில்லை. ஒதுக்கப்பட்ட பண்டத்தைச் செய்பவர் எல்லையைத் தாண்டி வளர்ந்தால், உற்பத்தியில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சர்க்காருக்கு உறுதி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே வளர வேண்டியவர் வளராமல், தம் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று பட்டறையைப் பிரித்து வைத்துக்கொண்டார். 2001-ல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்கியபோது நிலைமை இன்னும் வினோதமாயிற்று. நம் ஊர்ப் பெரிய ஆலை செய்யக் கூடாத பொருளை, அயல்நாட்டுப் பெரிய ஆலை செய்து நம் கடைத்தெருவில் விற்கலாம் என்றாகிவிட்டது. சிறிது சிறிதாகப் பட்டியல் குறைக்கப்பட்டு, மிச்சமிருந்த 20 பண்டங்களும் 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டன.

நிற்க. இன்று அமலில் உள்ள சட்டத்துக்கு வருவோம். 2006-ஆம் வருஷம் பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டம் இயற்றி, அந்த வருஷத்துக் காந்தி ஜயந்தியன்று, அதாவது அக்டோபர் 2-ந் தேதி, அதை அமலுக்குக் கொண்டுவந்தது. குறுந்தொழில், சிறுதொழில், நடுத்தரத் தொழில் என்று மூன்று வகுப்புக்களை அது ஏற்படுத்திற்று. பண்டம் செய்பவர்களை மட்டுமின்றி, பழுது பார்ப்பது, சலவை செய்வது போன்ற சேவைத் தொழில்களையும் சேர்த்துக்கொண்டது. அன்று பண்டம் செய்யும் குறுந்தொழிலுக்கு யந்திர எல்லை 25 லட்சம் ரூபாய். சிறு தொழிலுக்கு 5 கோடி. நடுத்தரத்துக்கு 10 கோடி. சேவைத் தொழில்களுக்கு எல்லை இதைவிடக் குறைவு.

2020-ல் இரண்டு மாறுதல்கள் செய்தார்கள். பண்டத்துக்கும் சேவைக்கும் ஒரே எல்லை. யந்திர விலையுடன் வருஷ விற்றுமுதலும் கணக்கில் சேரும். இரண்டில் ஒன்று எல்லை மீறினாலும் அந்தத் தொழில் மேல் வகுப்புக்குப் போய்விடும். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லைகள் மீண்டும் உயர்த்தப்பட்டன. அதன்படி, யந்திர முதலீடு இரண்டரைக் கோடியும் விற்றுமுதல் 10 கோடியும் தாண்டாதது குறுந்தொழில். முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி தாண்டாதது சிறு தொழில். முதலீடு 125 கோடி, விற்றுமுதல் 500 கோடி தாண்டாதது நடுத்தரத் தொழில். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த தொகையை விற்றுமுதலில் கூட்டுவதில்லை. மாசு நீக்கும் சாதனம், தொழிலாளர் பாதுகாப்புச் சாதனம் ஆகியவற்றின் விலையையும் யந்திரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ‘பாதுகாப்புக் கருவி வாங்கினால் வகுப்பு மாறிவிடும்’ என்று எந்த முதலாளியும் சாக்குச் சொல்வதற்கில்லை. ஒருவரே தம் ஒரே பான் எண்ணில் பல பட்டறைகள் வைத்திருந்தாலும் எல்லாம் ஒன்றாகவே எண்ணப்படும்.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இந்த எண்களைச் சற்று வகுத்துப் பார்க்கிறேன். 2006-க்கும் 2025-க்கும் இடையே குறுந்தொழிலின் யந்திர எல்லை பத்து மடங்காகியிருக்கிறது. இந்தப் பத்தொன்பது வருஷங்களில் நம் கஷ்டங்கள் எத்தனை இருந்தாலும், விலைவாசி பத்து மடங்கு ஏறிவிடவில்லை. வருஷத்துக்கு 10 கோடி விற்றுமுதல் என்றால், மாதம் ஒன்றுக்கு 83 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் நடக்கும் இடம் என்று பொருள். அதுவும் குறுந்தொழில். நாலு வீதி தள்ளி, மாதம் 30,000 ரூபாய்க்கு வடகம் விற்கும் அம்மாளும் குறுந்தொழில். சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள்.

உயர்த்தியவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எல்லை தாழ்வாக இருந்தால், வளர்ச்சிக்கு அபராதம் விதித்ததாகும். பட்டறையைப் பிரித்து ஒளித்து வைக்கும் பழைய வழக்கம் திரும்பிவிடும். இந்த வாதம் மெய்யே. ஆனால் அதனுடன் வேறொன்றையும் எடைபோட வேண்டும். இந்த வகுப்புக்களை அண்டித்தான் பல சலுகைகள் நிற்கின்றன. உதாரணமாக, வங்கிகள் தங்கள் கடன் தொகையில் ஏழரை சதவீதத்தைக் குறுந்தொழில்களுக்கு அளிக்க வேண்டுமென்பது ரிசர்வ் வங்கி வகுத்த விதி. வங்கி மானேஜரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஐம்பதினாயிரம் ரூபாய்க் கடன் இருநூறு பேருக்குக் கொடுத்து, இருநூறு பேரிடம் வசூலிப்பதா? கணக்கும் தணிக்கையும் ஒழுங்காக வைத்திருக்கும் ஒரே குறுந்தொழிலுக்கு ஒரு கோடி கொடுத்து விதியை நிறைவேற்றுவதா? எல்லை உயர உயர, இரண்டாவது வழி சுலபமாகிறது. பந்தியின் நீளம் மாறாமல் இருக்க, பெரிய இலைக்காரர்கள் நடுவில் வந்து உட்கார்ந்தால், ஓரத்தில் இருப்பவரின் நிலை என்ன?

மேற்சொன்ன 2015-16 கணக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை குறுந்தொழில்களே. நூற்றில் தொண்ணூற்றொன்பது மாணவர்கள் ஒரே வகுப்பில் இருந்தால், அதை வகுப்புப் பிரித்தது என்று எந்த உபாத்தியாயரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே குறுந்தொழிலுக்குள்ளேயே, மிக எளியவர்களுக்கென்று மற்றொரு படி வகுத்து, கடனில் ஒரு பங்கை அவர்களுக்கென்றே தனியே எழுதிவைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மேல் எல்லையை உயர்த்துவதில் ஆட்சேபம் இல்லை. கீழே ஒரு கோடு கிழிக்காமல் மேல் கோட்டை மட்டும் உயர்த்துவதில்தான் ஆட்சேபம்.

சர்க்கார் செய்யும் உதவிகளைக் குறைத்துச் சொல்வதும் நியாயமாகாது. 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குக் குறு, சிறு தொழில்களிடம் சொத்து ஈடு கேட்கக் கூடாதென்று 2010-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஈடின்றிக் கொடுத்த கடன் வசூலாகாமற்போனால் வங்கியின் நஷ்டத்தில் பெரும் பகுதியை ஏற்றுக்கொள்ள, 2000-ஆம் வருஷத்தில் ஒரு கடன் உத்தரவாத நிதி ஏற்படுத்தப்பட்டது. 2012 முதல் மத்திய சர்க்கார் இலாகாக்களும் பொதுத்துறைக் கம்பெனிகளும் தாங்கள் வாங்கும் பொருள்களில் ஒரு பங்கைக் குறு, சிறு தொழில்களிடமே வாங்க வேண்டும் என்று விதியாயிற்று. முதலில் 20 சதவீதமாக இருந்த அந்தப் பங்கு பிறகு 25 சதவீதமாக்கப்பட்டது. அதில் 4 சதவீதம் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் தொழில்களுக்கு. 3 சதவீதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு.

ஆனால் எந்தச் சிறு தொழிலாளரையாவது தனியே அழைத்து, ‘உமக்கு மிகப் பெரிய கஷ்டம் எது?’ என்று கேட்டால், கடன் கிடைக்கவில்லை என்பதற்கு முன்னால் அநேகமாக வேறொன்றைச் சொல்லுவார்: ‘கொடுத்த சரக்குக்குப் பணம் வரவில்லை.’

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு ஆட்கள். பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறார் பட்டறைக்காரர். இரும்பு ரொக்கத்துக்கு வாங்கியது. ஆட்களுக்குச் சனிக்கிழமை தோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மின்சாரக் கட்டணத்துக்குக் கெடு உண்டு. பில் போட்டுவிட்டபடியால் ஜி.எஸ்.டி. வரியையும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், உரிய தேதியில் கட்ட வேண்டும். கம்பெனியோ ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்கிறது. அடுத்த மாதம் போனால், ‘கணக்குப்பிள்ளை லீவு’ என்கிறது. நாலு மாதம் கழித்துப் பணம் வருகிறது. இந்த நாலு மாதத்துக்கும் அந்தப் பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் யார்? நாலு ஆள் பட்டறைக்காரர்! அவரோ அந்தப் பணத்தை வட்டிக்கடையில் வாங்கி வந்து கொடுத்தவர். ஏழை பணக்காரனுக்குக் கடன் கொடுக்கும் இந்த விசித்திரம் நம் தேசத்தில் தினந்தோறும் நடக்கிறது.

இதைத் தடுக்க 1993-லேயே ஒரு சட்டம் வந்தது. 2006-ஆம் வருஷத்துச் சட்டம் அதை இன்னும் கடுமையாக்கித் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அதன் விதிகள் வியக்கத்தக்கவை. ஒவ்வொரு சிறு தொழிற் குடும்பமும் மனப்பாடம் செய்ய வேண்டியவை. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையென்றால், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட தேதியில் கொடுக்கலாம்; ஆனால் அது 45 நாளுக்கு மேற்படக் கூடாது. ‘தொண்ணூறு நாள் என்று நீரே கையெழுத்துப் போட்டீரே!’ என்று வாங்கினவர் சொல்ல முடியாது. சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும்.

கெடு தவறினால் வட்டி உண்டு. அது சாதாரண வட்டியல்ல. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு. அதுவும் மாதந்தோறும் முதலில் சேரும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதமானால், வட்டி 18 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் ஒரு வருஷம் நின்றால், ஒரு லட்சத்துப் பத்தொன்பதினாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கொடுக்க வேண்டிவரும். இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. பணம் வராதவர், மாநில சர்க்கார் அமைத்துள்ள வசதியாக்கக் கவுன்ஸிலில் மனுப் போடலாம். 2017 முதல் அதை ‘சமாதான்’ என்ற வலைத்தளத்தின் மூலம் வீட்டிலிருந்தே செய்யலாம். கவுன்ஸில் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டுமென்பது சட்டம். நடப்பில் அதிகக் காலம் பிடிப்பதும் உண்டு. தோற்ற கம்பெனி கோர்ட்டுக்குப் போக விரும்பினால், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகக் கட்டிவிட்டுத்தான் போகலாம்.

இவ்வளவு பலமான ஆயுதம் கையில் இருந்தும் பட்டறைக்காரர் அதை ஏன் எடுப்பதில்லை? காரணம் எளிது. அவருக்கு அந்தக் கம்பெனி ஒன்றுதான் வாடிக்கை. இன்று மனுப் போட்டால் பழைய பாக்கி வரும். நாளை புதிய ஆர்டர் வராது. கம்பெனிக்கோ அவரைப்போல் நூறு பட்டறைகள் உண்டு. சட்டம் இருவரையும் சமமாக நிறுத்தினாலும், பசி சமமாக நிற்க விடுவதில்லை.

அதனால்தான் 2023-ல் சர்க்கார் வேறு வழியில் முயன்றது. பட்டறைக்காரர் புகார் செய்யாமலே வாங்கினவரைத் தொடும்படி, வருமான வரிச் சட்டத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அமலான அதன்படி, குறு, சிறு தொழில்களுக்கு உரிய கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருஷத்துச் செலவாகக் கழிக்க முடியாது. எந்த வருஷம் உண்மையில் கொடுக்கிறார்களோ அந்த வருஷந்தான் கழிக்கலாம். அதாவது, பாக்கி வைத்தவர் அந்தப் பாக்கிக்கும் சேர்த்து லாபம் கணக்கிட்டு வரி கட்ட வேண்டும். யோசனை நல்ல யோசனை. ஆனால் சட்டத்தின் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பது இங்கும் வந்து குறுக்கிட்டது. இந்தப் பாதுகாப்பு நடுத்தரத் தொழிலுக்குக் கிடையாது. பதிவு செய்துகொள்ளாதவருக்கும் கிடையாது. ஆகவே சில பெரிய வியாபாரிகள் பதிவு பெற்ற சிறியவர்களை விட்டுவிட்டு மற்றவர்களிடம் ஆர்டரைக் கொடுத்துவிடுவார்களோ என்று சிறு தொழிற் சங்கங்கள் அஞ்சின. ‘பதிவை ரத்து செய்துகொண்டு வா, ஆர்டர் தருகிறேன்’ என்ற பேச்சும் கடைத்தெருவில் அடிபட்டது. குடையைக் கொடுத்தவரிடமே, ‘குடை வேண்டாம், நனைந்தால் பாதகமில்லை’ என்று சொல்ல வைக்கும் பேரம் இது.

என்றாலும் நேயர்கள் மனம் தளர வேண்டாம். சட்டம் முழுதும் பயன்படாவிட்டாலும், அதன் பயனைப் பெறத் தகுதியுடன் இருப்பது நம் கையில் இருக்கிறது. இதற்கு மூன்று காரியங்கள் போதும்.

முதலாவது, பதிவு. 2020 ஜூலை 1 முதல் ‘உத்யம்’ என்ற சர்க்கார் வலைத்தளத்தில் பதிவு நடைபெறுகிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் போதும். சான்றிதழ்க் காகிதங்கள் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. இதற்கு ஒரு காசும் கட்டணம் இல்லை. சர்க்கார் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் என்று பறிக்கும் தனியார் தளங்கள் உண்டு. எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆர்டர் வந்த பிறகு பதிவு செய்தால் பாதுகாப்பு உண்டா, இல்லையா என்பது சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு. அந்த வழக்கின் முடிவுக்காகக் காத்திராமல், ஆர்டர் வருமுன்பே பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம். வாங்கி விற்கும் வியாபாரிகளும் 2021 முதல் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்காக மட்டுமே. பாக்கி வசூல் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது, காகிதம். பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட வேண்டும். டெலிவரி சலானில் சரக்கைப் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். ‘தெரிந்த மனுஷர்தானே, கையெழுத்து எதற்கு?’ என்ற தாட்சண்யம் நம்மவரிடம் அதிகம். தெரிந்த மனுஷரின் மகன் நிர்வாகத்துக்கு வந்த பிறகு அந்தத் தாட்சண்யம் செல்லாது. தேதியில்லாத சலானை வைத்துக்கொண்டு 45 நாளை எங்கிருந்து எண்ணுவது?

மூன்றாவது, பில்லைப் பணமாக்கும் வழி. ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் ‘ட்ரெட்ஸ்’ என்ற ஏற்பாடு நடந்து வருகிறது. கம்பெனி ஒப்புக்கொண்ட பில்லை அதில் ஏற்றினால், வங்கிகள் போட்டியிட்டுத் தள்ளுபடி விகிதம் கூறுகின்றன. பிடித்ததை ஏற்றுக்கொண்டால் பணம் சில நாளில் பட்டறைக்காரர் கணக்கில் வந்துவிடும். பிறகு கம்பெனி வங்கிக்குக் கொடுக்கிறது. கம்பெனி தவறினாலும் வங்கி பட்டறைக்காரரைத் தேடி வருவதில்லை. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர வேண்டுமென்று 2024 நவம்பரில் உத்தரவாயிற்று. ஆகவே பெரிய கம்பெனிக்குச் சரக்குக் கொடுப்பவர், ‘தாங்கள் ட்ரெட்ஸில் இருக்கிறீர்களா?’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இது புகார் அல்ல, விசாரணைதான். ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்துக்கும் இதில் இடம் குறைவு.

இதுவரை விற்பவர் கடமையைச் சொன்னேன். வாங்குபவர் கடமையையும் சொல்லாவிட்டால் பேச்சு ஒருதலையாகிவிடும். நேயர்களில் பலர் பில்லை நீட்டுபவர்கள் அல்ல. பில்லை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொள்பவர்கள். கம்பெனியில் கணக்கராக, கல்லூரியில் நிர்வாகியாக, ஆஸ்பத்திரியில் மானேஜராக, கூட்டுறவுச் சங்கத்தில் காரியதரிசியாக இருப்பவர்கள். பெஞ்சு செய்து கொடுத்த தச்சுப் பட்டறையின் பில்லும், வினாத்தாள் அச்சிட்டவரின் பில்லும், சீருடை தைத்த பெண்களின் பில்லும் இவர்கள் கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கின்றன. வாங்குபவர் யார் என்பதற்குச் சட்டம் கூறும் விளக்கம் மிக விரிவானது. பெரிய கம்பெனி என்றோ, சர்க்கார் இலாகா என்றோ அது எல்லை கட்டவில்லை. சரக்கையோ சேவையையோ விலைக்குப் பெற்றுக்கொண்டவர் எவராயினும் அதில் அடங்குவர்.

குறுந்தொழிலின் எல்லை எத்தனை கோடி என்பதைத் தீர்மானிப்பது டில்லியில் இருப்பவர்கள். நம்முடைய ஓட்டாலும் பேச்சாலும் அவர்களிடம் வாதாட வேண்டியதுதான். கீழே ஒரு படி வேண்டுமென்று கேட்க வேண்டியதுதான். ஆனால் மேஜைமேல் இருக்கும் பில்லை இன்று பாஸ் செய்வதா, அடுத்த மாதம் பார்ப்பதா என்பதை டில்லி தீர்மானிப்பதில்லை. அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், மானியம் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். நாளை காலை காரியாலயத்துக்குப் போனதும், கட்டின் அடியில் இருக்கும் பில்லை முதலில் எடுத்துத் தேதியைப் பாருங்கள். நாற்பத்தைந்து நாள் ஆகியிருந்தால், அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமைச் சம்பளத்துக்கு அங்கே நாலு பேர் காத்திருக்கிறார்கள்.